எட்டுப் பூஜ்ஜியங்கள்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கிருமி வளரவிடும் சூட்டுப் பெட்டியைத் திறக்கும்போது வருகிற வாடைக்கு, இருபத்திரண்டு வருடங்களாகியும் அவள் மூக்கு பழகவே இல்லை. ஈரத்துணியை மூட்டை கட்டி மூலையில் போட்டு மறந்ததுபோல ஒரு புளித்த நாற்றம். தினமும் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வாள். வாடை கொஞ்சம் கலைந்தபின் கண்ணாடித் தட்டுகளை வெளியே எடுத்து, அவற்றில் முளைத்திருக்கும் மஞ்சள் புள்ளிகளை எண்ணுவாள். ஒரு புள்ளி, ஒரு கிருமிக் கூட்டம். மாதச் சராசரி பத்துக்குள் இருந்தால் தண்ணீர் தேறும் என்பது அந்த அலுவலகத்தின் விதி.

கூடத்தில் அவளுக்கு முட்டையக்கா என்று பெயர். பள்ளியில் கணக்குப் பரீட்சையில் முட்டை வாங்கியதற்காக அண்ணன் வைத்தது. அண்ணனே இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததால் பெயரும் கூடவே வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொண்டதில்லை. அப்பா போனபின் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். கைக்குழந்தையோடு அவளைக் கணவன் கைவிட்டபோது கண்ணீரைத் துடைத்தவர். இன்று அவர்தான் கூடத்தின் மேலாளர்.

வாங்கிய முட்டையின் மேலேயே அவளுக்கு ஒரு பிடிப்பு வந்தது. நூலகத்தில் தேடித் தேடிப் படித்தாள். அந்தக் காலத்தில் ஓர் இடத்தில் எண் இல்லையென்றால் சும்மா இடைவெளி விட்டு எழுதுவார்களாம். படியெடுப்பவன் கவனிக்காமல் ஒட்டி எழுதிவிட்டால் இருநூற்று மூன்று இருபத்து மூன்றாகிவிடும். அந்தத் தலைவலி தீரத்தான் இடத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு குறி வந்தது. வெகுகாலம் கழித்து அந்தக் குறியே ஓர் எண்ணாகிக் கூட்டலிலும் கழித்தலிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. எண்ணான பிறகு அது வெற்றிடம் இல்லை. 'எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை' என்கிற சாட்சி. அதனால் அவள் பதிவேட்டில் ஒரு கண்டிப்பு உண்டு. சோதித்துப் புள்ளி இல்லாத நாளுக்குப் பூஜ்ஜியம். சோதிக்காத நாளுக்குச் சின்னக் கோடு.

அந்த மாதம் தொட்டிகளிலிருந்து தண்ணீர்க் குப்பிகள் கொண்டுவரும் வண்டி பழுதாகி நின்றது. ஏழாம் குறிக்குப் பன்னிரண்டு குப்பிகள் வரவேண்டிய இடத்தில் நான்குதான் வந்தன. குப்பியில் குறி மட்டும் இருக்கும்; அது எந்தத் தொட்டி என்பது மேலாளருக்கு மட்டுமே தெரியும். பதினெட்டு, இருபத்தொன்று, பதினைந்து, பதினெட்டு என்று எழுதி, மற்ற எட்டுக் கட்டங்களிலும் கோடு போட்டாள். கையெழுத்துக்காக அச்சாகி வந்த தாளிலோ கோடுகள் இருந்த இடமெல்லாம் பூஜ்ஜியம். சராசரி ஆறு. தண்ணீர் தேறிவிட்டது.

தாளோடு அண்ணனிடம் போனாள்.

"கட்டத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்க மாட்டேங்குதும்மா. போன மாசம் நீ லீவுல இருந்தப்பவும் இப்படித்தான் அடிச்சோம். கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

"எழுபத்திரண்டை நாலால வகுக்கணும்ணா. பதினெட்டு வருது. நீங்க பன்னிரண்டால வகுத்திருக்கீங்க."

"கணக்குல முட்டை வாங்கினவ எனக்குக் கணக்குச் சொல்றா பாரு," என்றார் அவர். பக்கத்திலிருந்த தட்டச்சுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அண்ணன் குரலைத் தணித்து, இந்த வருடம் ஒரு தொட்டியும் தோற்காவிட்டால் தலைமை அலுவலகத்தில் தனக்கு நாற்காலி நிச்சயம் என்றும், நாளை மாலைக்குள் தாள் போயாக வேண்டும் என்றும் சொன்னார். சொல்லும்போது ஈரக் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க அவளுக்கு என்னவோ போலிருந்தது.

தேறிய தொட்டியை யாரும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். தோற்றால்தான் கழுவுவார்கள். கையெழுத்துப் போடவும் மனமில்லை, வளர்த்த கையைத் தட்டிவிடவும் தைரியமில்லை. தனியாகப் பேசினால் கேட்பார் என்று அன்று சாயங்காலமே தன் வீட்டுக்கு அடுத்த தெருவிலிருக்கும் அவர் வீட்டுக்குப் போனாள். அவர் இன்னும் வரவில்லை. அண்ணி உட்காரச் சொல்லி, சமையலறை மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பெரிய கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

"கேன் எப்போ வாங்கினீங்க அண்ணி?"

"ரெண்டு மாசமாச்சு. குழாய்த் தண்ணியை வாயில வைக்காதேன்னுட்டாரு உங்க அண்ணன். ஏன், உங்ககிட்டச் சொல்லலையா?"

டம்ளர் அவள் கையிலேயே நின்றது. இரண்டு தெருவுக்கும் ஒரே தொட்டி. அப்படியென்றால் ஏழாம் குறி அதுதான், அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. அவள் வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணியான மகள் ஒன்றரை மாதமாகக் குடலே வெளியே வருவதுபோல வாந்தியெடுத்துக் கிடக்கிறாள். போன வாரம்கூட வந்திருந்தார் அண்ணன். கட்டில் ஓரம் உட்கார்ந்து, மசக்கைதானே, நிறையத் தண்ணீர் குடி கண்ணே என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். அந்தக் கையை நினைக்கவே அருவருப்பாக இருந்தது. இதற்குச் சூட்டுப் பெட்டி நாற்றமே எவ்வளவோ தேவலை. டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, மகளைக் கைத்தாங்கலாக மருத்துவரிடம் அழைத்துப் போனாள். குடலில் கிருமி என்றார் மருத்துவர். குழந்தைக்கு ஆபத்தில்லை, கொதிக்க வைக்காத தண்ணீரைத் தொடவே கூடாது என்றார்.

மறுநாள் காலை மேலாளர் மேசைமுன் நின்று, எட்டுப் பூஜ்ஜியங்களையும் சிவப்பு மையால் ஒவ்வொன்றாக அடித்தாள். பக்கத்தில் கோடு போட்டாள். அடியில் சராசரி பதினெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

"என்னம்மா பண்றே? என் வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

"கம்ப்யூட்டர் வாங்காட்டியும் பரவாயில்லை சார். தலைமை அலுவலகத்துல நானே கையில கொடுத்துட்டு வரேன்."

அவள் அவரைச் சார் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. அவர் முகம் வெளுத்தது. தோளில் தூக்கி வளர்த்ததை, வேலை வாங்கித் தந்ததை, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். எல்லாம் உண்மைதான். கண்ணில் நீர் முட்டியது அவளுக்கு. ஆனால் அந்த வாயிலிருந்து அவை வரவர, தான் அன்போடு பொத்தி வைத்திருந்தவையெல்லாம் கைபட்ட பண்டம்போல அழுகுவதாகத் தோன்றியது. தாளை மடித்து எடுத்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் நாள் தொட்டியைத் திறந்தார்கள். தண்ணீரை வடித்ததும் அடியில் முழங்கால் அளவுக் கறுப்புச் சேறு. அதில் இறகும் எலும்புமாக ஊறிப்போன புறாக்கள். கூடியிருந்த தெருக்காரர்கள் காறித் துப்பினார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரிகளோடு அண்ணனும் நின்றிருந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளருகே வந்து, "பொண்ணு இப்ப எப்படி இருக்கா?" என்று மெல்லக் கேட்டார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து வாந்தியெடுத்தாள். அவர் கைக்குட்டையை நீட்டினார். அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, மகளுக்குக் கஞ்சி வைக்க நேரமாகிவிட்டதென்று வீட்டைப் பார்த்து நடந்தாள்.