ஒட்டிய நாற்காலி மீதான வழக்கு

யூன், முதற் திங்கள், முற்பகல். மாங்குளத்தில் ஒரு பொதுமண்டபத்தில், வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட ஏழு சக்கர நாற்காலிகளை ஓர் அன்பளிப்புக் குழுவினர் வழங்கினர். பாரிசவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்திருந்த என் மனைவி அவற்றுள் ஒன்றைப் பெற்றார். பயனாளிகள் சார்பில் நன்றியுரையை நான் நிகழ்த்தினேன்.

செப்ரெம்பர், இரண்டாம் புதன், காலை. எங்கள் வீட்டு முற்றத்தில், சமதரையில், நாற்காலியின் முன்சில்லு ஒன்றைத் தாங்கிய இரும்புக் கவை முறிந்தது. மனைவி முன்புறமாக விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

ஒக்ரோபர், கடைசி வெள்ளி, அதிகாலை. யாழ்ப்பாணத்தில், மருத்துவமனையில், நுரையீரல் அழற்சியால் காலமானார். மரணப் பத்திரத்தில் எழுதப்பட்ட மூலகாரணம்: தவறி விழுந்தமை.

நவம்பர் இறுதி. முப்பத்தோராம் நாட் கிரியைகள் நடைபெற்றன.

மேற்கண்டவற்றுள் நான் மறுப்பது 'தவறி விழுந்தமை' என்ற இரு சொற்களை மட்டுமே. அவர் தவறவில்லை, அவர் இருந்த நாற்காலி முறிந்தது. அதே மண்டபத்தில் அதே வகை நாற்காலியைப் பெற்ற மேலும் ஆறு பேர் வன்னியின் வெவ்வேறு மூலைகளில் அதில் இருந்துகொண்டிருந்தார்கள். அதிகாரமுள்ள எவரேனும் ஒருவர் 'இது முறியக்கூடியது' என்று எழுத்தில் சொல்லிவிட்டால், அந்த ஆறும் திரும்பப் பெறப்படும் என்று நம்பினேன். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவே. உயர்தர வகுப்புகளுக்கு அளவையியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். காரணத்தை நிறுவினால் காரியம் தொடரும் என்பது என் தொழில்வழி வந்த நம்பிக்கை.

காரணம் வீட்டின் பின்புறத்தில், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில், சாக்கினால் மூடப்பட்டுக் கிடந்தது. கிரியைகளுக்கு இரு நாள் முன்னர் மனைவியின் தம்பி என்னை அங்கே அழைத்துப் போனார். எங்கள் பக்கத்தில் முப்பத்தோராம் நாளுக்கு முன் வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள், வேலியைக் கட்டுவார்கள், பழுதானதைத் திருத்துவார்கள். துக்கம் நடந்த வீட்டார் இவற்றில் கை வைப்பதில்லை, உறவினரே பொறுப்பேற்பார்கள்.

"அத்தான், வந்து பாருங்கோ. இனி யானை ஏறி இருந்தாலும் அசையாது."

சாக்கை விலக்கினார். நாற்காலி வெள்ளிநிறப் பூச்சில் மின்னியது. முறிந்த கவையை வெல்டிங் செய்து, அதன்மேல் இரும்புத் தகடு வைத்து மறுபடியும் வெல்டிங் செய்திருந்தார்கள். மற்றக் கவைக்கும் அவ்வாறே.

"அது முறியேல்லையே?" என்றேன்.

"ஒண்டு முறிஞ்சா மற்றதும் முறியும்தானே, அத்தான்?"

என் மாணவர் பலரிடம் காணாத தொகுத்தறிவு. "முறிஞ்ச துண்டு எங்க?"

"அதைத்தான் தட்டி நேராக்கி ஒட்டினது. ஒண்டும் வீணாக்கேல்லை." சற்றுப் பொறுத்துச் சொன்னார்: "அக்காவின்ர கதிரை. முறிஞ்சபடி கிடந்தா வாற சனம் என்ன கதைக்கும்?"

நான் நன்றி சொன்னேன். வேறெதுவும் சொல்வது பண்பாகாது.

வவுனியாவில் உள்ள சட்டத்தரணி ஒருகாலத்தில் என் வகுப்பில் முன்வரிசையில் இருந்த மாணவி. அவருடைய மேசைக்கு முன்னால் இப்போது நான் இருந்தேன்.

"சேர், வழி மூண்டு கிடக்கு. ஒண்டு, நுகர்வோர் முறைப்பாடு. ஆனா கதிரையை நீங்கள் வாங்கேல்லை, சும்மா தந்தவை. வாங்காத ஆள் நுகர்வோரோ எண்டு கேப்பினம். ரெண்டு, நட்டஈட்டு வழக்கு. செய்த கொம்பனி கடலுக்கு அங்கால. இறக்கினது ஆரெண்டு தெரியாது. தந்தவை ஆரெண்டு மட்டும் தெரியும். மூண்டு, அதுக்கு முதல் இணக்க சபை."

"அவ பட்ட நோவுக்கு?"

அவர் பேனாவை மூடினார். "நோவு அவவோட போட்டுது, சேர். உயிரோட இருக்கேக்க வழக்குத் தொடங்கியிருந்தா வேற கதை. இல்லாட்டில் நோவு புருசனுக்கு இறங்காது. நீங்கள் உங்கட நட்டத்தைத்தான் கேக்கலாம். அவ உழைச்சவவோ?"

"இல்லை."

"வீட்டு வேலை?"

"வருத்தம் வந்தபிறகு இல்லை."

"அப்ப உங்களுக்கு என்ன செய்தவ, சேர்? நான் ஏதாவது எழுதவேணும்."

யோசித்தேன். "காலமை பேப்பர் வாசிச்சுக் காட்டுவா. நான் எழுதுறதைத் திருத்துவா. நான் சொன்னதெல்லாத்தையும் மறுப்பா."

அவர் எழுதினார், பின்னர் மெதுவாக அதைக் கோடிட்டு அழித்தார். "கோபிக்காதேங்கோ, சேர். மறுத்ததுக்கு விலை போடேலாது."

இணக்க சபை ஒரு சனிக்கிழமை, ஆரம்பப் பாடசாலையின் முதலாம் வகுப்பறையில் கூடியது. சுவரில் அகர வரிசைப் படங்கள். தளபாடங்கள் ஆறு வயதினருக்கானவை. மத்தியஸ்தர் மூவரும், அன்பளிப்புக் குழுவின் உள்ளூர்ப் பிரதிநிதியும், நானும் முழங்கால்கள் நாடியைத் தொட அமர்ந்தோம். சபைக்குத் தலைமை தாங்கிய தவிசாளர் ஓய்வுபெற்ற தபாலதிபர், முள்ளந்தண்டு வருத்தக்காரர். இருமுறை எழுந்து நின்றார். பின்னர், சான்றாக நான் கொண்டுசென்றிருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தார்.

"மாஸ்டர், குறை நினைக்கமாட்டியள்தானே?"

அமர்ந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டிப் பார்த்தார். "சோக்காக் கிடக்கு," என்றார். விசாரணை முடியும்வரை அதைவிட்டு அவர் இறங்கவில்லை.

ஒட்டுவேலையை விளக்கினேன். மூவரும், தவிசாளர் இருந்தபடியே, குனிந்து கவையைத் தடவிப் பார்த்தார்கள். வேலை நேர்த்தியானது என்பதில் அவர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கவில்லை. எங்கே செய்தது என்று ஒருவர் விசாரித்து வைத்துக்கொண்டார். அவர் வீட்டு வாசற் படலையின் பிணைச்சல் விட்டுப் போயிருந்ததாம்.

பிரதிநிதி நல்ல மனிதர். மனம் நொந்திருந்தார். "ஐயா மேல எனக்கு மரியாதை. அதாலதான் இதைப் போட்டுக் காட்டுறன்," என்று கைத்தொலைபேசியை மேசையில் நிமிர்த்தி வைத்தார். மண்டபம் தெரிந்தது. என் குரல் கேட்டது: "ஆராய்ந்து தெரிந்தெடுக்கப்பட்ட, குறைகாணவியலாத இக்கொடை..."

தவிசாளர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "மாஸ்டர், ஆராய்ஞ்சது எண்டு நீங்கள்தானே சொல்லியிருக்கிறியள்?"

"அது நன்றியுரை."

"அப்ப பொய்யோ?"

"பொய் இல்லை. நன்றியுரை."

இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மூன்று பேருக்கு முன்னால், அந்தச் சிறிய கதிரையில் இருந்தபடி, என்னால் நிறுவ முடியவில்லை. திரையின் ஓரத்தில் என் மனைவி புது நாற்காலியில் இருந்தார். அந்த வாக்கியத்தைக் கேட்டு அவர் புருவத்தை உயர்த்தியதை அன்று மேடையிலிருந்து நான் கண்டிருக்கவில்லை.

பிரதிநிதி கையைக் கூப்பினார். "நடந்தது நடந்திட்டுது, ஐயா. பிணக்கு வேண்டாம். ஸ்ரோரில இன்னும் ஒண்டு கிடக்கு, புத்தம் புதிசு. நாளைக்கே வீட்டை கொண்டந்து தாறம்."

"அதே வகையோ?"

"அதேதான்."

"இருக்கிறதுக்கு ஆள் இல்லை," என்றேன்.

பின்னர் 'இணக்கம் ஏற்படவில்லை' என்ற சான்றிதழைத் தந்தார்கள். அதை எழுதவேண்டியவர் எழுதி முடிக்கும்வரை நாற்காலியை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றவர் பிரதிநிதியே.

சட்டத்தரணி சொன்னார்: அந்தத் தொகுதியில் வந்த இன்னொரு நாற்காலியில் அதே குறையைக் காட்ட முடிந்தால், வழக்குக்கு உயிர் இருக்கும். ஆகவே, மற்ற ஆறில் ஒன்று இருந்த துணுக்காய்க்குப் போனோம். மைத்துனர் தன் சிறு பட்டா லொறியின் பின்னால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எங்கள் நாற்காலியையும் ஏற்றிக்கொண்டார்.

அங்கே அதைப் பெற்றிருந்தவர் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண், நாற்பது வயதிருக்கும். இரு கால்களும் இயங்கா. வீட்டு வாசலில் சிறு கடை வைத்திருந்தார். நாற்காலியிலேயே இருந்தபடி வெற்றிலையும் சவர்க்காரமும் விற்றார்.

"வாங்க ஐயா. வண்டிய திருப்பி வாங்கவா வந்தீங்க? அப்ப ஆளையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க. எறங்க மாட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. குனிந்து பார்க்க அனுமதித்தார். அதே இடத்தில், கவை வளையும் இடத்தில், தலைமயிர் போல ஒரு வெடிப்பு. நகத்தால் தடவினேன், தட்டுப்பட்டது. பல மாதங்களாக நான் தேடிய சான்று அது. அதன்மீது ஒரு மனிதர் இருந்தார்.

அங்கிருந்தே சட்டத்தரணியை அழைத்தேன். எனக்குக் காது மந்தம், அதனால் ஒலிபெருக்கியில்.

"நல்லது, சேர். ஆனா ஒரு சிக்கல். உங்கட கதிரையால காயம் வந்தது, அதில இப்ப குறை இல்லை. இந்தக் கதிரையில குறை கிடக்கு, அதால காயம் வரேல்லை. அவ விழேல்லையே?"

கடைக்காரி தொலைபேசியை நோக்கிச் சாய்ந்தார். "ஏம்மா, நான் விழுந்து காட்டணுமா? எந்தப் பக்கமா விழுந்தா ஒங்களுக்கு வசதி?"

சட்டத்தரணியின் குரல் தணிந்தது. "நான் அப்பிடிச் சொல்லேல்லை, அக்கா."

"சொல்லுங்க, கடைய சாத்திட்டு விழுறேன். வியாபார நேரம்."

மைத்துனர் சிரிப்பை அடக்கமுடியாமல் வாகனத்தின் மறுபக்கம் போனார். நான் தொலைபேசியை அணைத்தேன். வெடிப்பைப் படம் எடுத்தேன். பின்னர் வெள்ளிநிற நாற்காலியை இறக்கச் சொன்னேன்.

"அத்தான், அக்காவின்ர..."

"ஓம். இறக்கு."

கடைக்காரியைத் தூக்கி மாற்றுவதற்கு அயலவர் இருவர் வந்தார்கள். அவர் அமர்ந்து, கடைவாசலில் ஒரு வட்டம் போட்டார். "பளபளன்னு கல்யாண வண்டி மாதிரி இருக்கே. அம்மா கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"மறுத்திருப்பா," என்றேன். "முதலில்."

இப்போது வெடிப்புள்ள நாற்காலி என் விறாந்தையில் இருக்கிறது. வருகிறவர்கள் அதிலேயே இருக்கப் போகிறார்கள், ஒவ்வொருவரையும் தடுக்கவேண்டியிருக்கிறது. சட்டத்தரணி அதைத் தொடவேண்டாம் என்கிறார். மிகுதி ஐந்தில் ஒன்றையாவது ஒட்டாமல் விட்டுவைக்கும்படியும் கேட்டார். அதாவது, ஒருவர் அதில் தொடர்ந்து இருந்தால்தான் வழக்கு நிற்கும். அவர் இரக்கமற்றவர் அல்லர். சட்டத்தைச் சரியாகவே சொன்னார். நான் அவருக்குக் கற்பித்த முறையில் அந்த வாதத்தில் வழு எதுவும் இல்லை.

மைத்துனரிடம் வெல்டிங் இயந்திரத்தை வாகனத்தில் ஏற்றச் சொல்லிவிட்டேன். ஐந்து வீடுகளுக்கும் போகவேண்டும். ஒவ்வொன்றாக ஒட்ட ஒட்ட, வழக்குக்கான சான்றும் ஒவ்வொன்றாகக் குறையும்.

இன்னும் செய்து முடியாதவை:

வற்றாப்பளைக்கு அருகிலுள்ள நாற்காலி: அந்த வீட்டில் மின்சாரம் இல்லை. வெல்டிங்குக்கு எங்கே கொண்டுபோவது என்று கேட்கவேண்டும்.

புளியங்குளத்து நாற்காலி: உரியவர் மகளோடு இடம் மாறிவிட்டார். புது இடம் தெரியவில்லை.

ஸ்ரோரில் கிடக்கும் புத்தம் புதிய நாற்காலி: எவருக்கும் கொடுக்கவேண்டாம் என்று பிரதிநிதிக்குச் சொல்லவேண்டும். நன்றியுரை போல் ஆகிவிடாதபடி சொல்லவேண்டும்.

சட்டத்தரணிக்குப் பதில்: எழுதிவிட்டேன். திருத்த ஆள் இல்லாததால் அனுப்பவில்லை.