என் தோளில் தூங்கியவர் சொன்னது

பகுதிநேர நிருபராகச் சேர்ந்த முதல் நாள், மதுரை அலுவலகத்தில் செய்தி ஆசிரியர் என்னை உட்காரச் சொல்லவில்லை. புரூஃப் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"ராஜபாளையத்துல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதுல போவீங்க?"

"டவுன் பஸ்ல சார்."

"அப்ப பஸ்ல பேசுறத எழுதுங்க. உங்க கருத்து வேணாம். ஜனங்க புலம்புறது வேணும். வாரம் ஒரு அரைப் பத்தி."

எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். அது எண்பதுகளின் பிற்பகுதி. கோர்ட் செய்தி, நகராட்சிச் செய்தி, விபத்து, திருவிழா இவற்றோடு பஸ் புலம்பலும் என் பொறுப்பாயிற்று. எழுதியதைக் கவரில் போட்டு, மதுரை போகும் பஸ் கண்டக்டரிடம் கொடுப்பேன். அங்கே எங்கள் ஆள் வாங்கிக்கொள்வார். அவசரம் என்றால் டிரங்க் கால்.

எட்டு மணி வண்டி

நான் ஏறும் எட்டு மணி பஸ் ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் பாதி நிறைந்து, ஊருக்கு வெளியே ஒரு நூற்பாலையின் வாசலில் முழுதாக நிறையும். ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர்கள் அங்கே ஏறுவார்கள். புருவத்திலும் காது மடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்குவார்கள். நிற்பவர்களும் கம்பியைப் பிடித்தபடி தூங்குவார்கள். யார் எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும் என்பது கண்டக்டருக்குத் தெரியும் என்பதால் யாருக்கும் கவலை கிடையாது.

பஸ் கிளம்பியதும் இடது பக்கம் மலை கூடவே வரும். ஐப்பசி, கார்த்திகையில் மலை இருக்காது, மேகம்தான் இருக்கும். கண்மாய்கள் தளும்பி நிற்கும். தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொரு புளியமர வரிசை ஓடும். பஸ்ஸில் ஒரு பாதி தூங்கிக்கொண்டும் மறு பாதி நாட்டைத் திட்டிக்கொண்டும் போகும். திட்டுகிறவர்கள் குரலைத் தாழ்த்துவதில்லை. தூங்குகிறவர்களும் விழிப்பதில்லை. அந்த அரை மணி நேரத்தில் எது பேச்சு, எது கனவு என்று சில நாள் எனக்கே பிடிபடாது.

என் பத்திக்குப் பெரும்பாலும் தீனி போட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஜேக்கப் சார். மிஷன் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரப்புத் தகராறு ஒன்றுக்காகக் கோர்ட்டுக்கு நடந்துகொண்டிருந்தார். மற்றவர் சுப்பையா அண்ணாச்சி, தேங்காய் வியாபாரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி மாறி வத்திராயிருப்புத் தோப்புகளுக்குப் போவார். இருவரும் வேறு வேறு கட்சி.

"கேட்டியளா சார்," என்று அண்ணாச்சி ஆரம்பிப்பார். "மில்லுக்காரவிய புது பங்களாவுல மாடிக்குப் போக லிஃப்ட் வச்சிருக்காவளாம்."

"மாடி எத்தன?"

"ஒண்ணுதான்."

"ஒரு மாடிக்கா லிஃப்ட்டு?"

"அவியளுக்கு முட்டி வலி சார். நமக்குன்னா கஷாயம்."

அப்போது ஒரு கட்சி இரண்டாக உடைந்திருந்த சமயம். பேச்சு உடனே அங்கே தாவும்.

"கட்சிய ரெண்டா ஒடச்சிட்டு, சின்னம் யாருக்குன்னு கோர்ட்டுல நிக்கான் பாருங்க."

"அவனுக்காவது சின்னம் ஓய். நான் ஒரு சாண் வரப்புக்கு நிக்கேன். வாய்தாவத் தவிர எனக்கு எதக் குடுத்தாங்க?"

டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர் சொல்வார்: "ரெண்டு பேரும் இப்படியே நின்னா அடுத்த லிஃப்ட் வக்கீல் வீட்டுலதான்."

ஒன்றைக் கவனித்தேன். மில்காரரைத் திட்டும்போது 'அவிய' என்பார்கள். மந்திரியைத் திட்டும்போது 'அவன்'. ஒரு நாள் அண்ணாச்சியிடமே காரணம் கேட்டேன்.

"மந்திரி அஞ்சு வருசத்துல போயிருவான் தம்பி. மில்லு எங்க போவும்? நாளைக்கு என் மச்சினனுக்கு அங்க ஒரு வேல கேக்கணுமே!"

செவ்வாய்க்கிழமை

சுந்தரபாண்டியத்துக்காரர் குருசாமி அந்த மில்லில் பதிலியாக இருந்தார். நிரந்தரத் தொழிலாளி எவராவது லீவு போட்டால் அன்றைக்கு மட்டும் வேலை உண்டு, அதுதான் பதிலி. நூல் நூற்கும் ரிங் ஃப்ரேம் இயந்திரத்தில் இழை அறுந்தால் ஓடி ஓடி ஒட்டுகிற வேலை. வருஷக்கணக்காக அப்படியே ஓடிக்கொண்டிருந்தார். வீட்டில் மனைவிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அதிர்ந்து பேசமாட்டார். பஸ்ஸில் இடம் கொடுத்தால் இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டு உட்காருவார். செத்த நேரத்தில் அவர் தலை என் தோளுக்கு வந்துவிடும்.

அதே மில்லின் டைம் ஆபீஸில் இருந்தவர் ஆறுமுகம். கேட்டை ஒட்டிய அறை அது. எந்தப் பதிலிக்கு இன்று வேலை, எவருக்கு இல்லை என்று அங்கேதான் முடிவாகும். அவரும் ராத்திரி ஷிஃப்ட் முடித்து இதே பஸ்ஸில் வருவார். கழுத்தில் மஃப்ளர் சுற்றி, எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். பேச்சில் கலந்துகொள்ள மாட்டார்.

ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. தூறல். தகர ஜன்னல்களை இறக்கிவிட்டதால் பஸ்ஸுக்குள் அரை இருட்டு. அன்று அதிசயமாக ஜேக்கப் சாரும் அண்ணாச்சியும் எல்லாவற்றிலும் ஒத்துப்போய், பேச விஷயமில்லாமல் வெற்றிலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இன்ஜின் சத்தம் மட்டும்.

அப்போது என் தோளிலிருந்து ஒரு குரல் வந்தது.

"டீ மணி அடிக்கட்டும்லே."

குருசாமிதான். கண் மூடியிருந்தது. விழித்திருக்கையில் அவ்வளவு தெளிவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"வெள்ளிக்கெழம ராத்திரி. எல்லாரும் ஒண்ணா. ஏலே செல்வம், ஒன் ஃப்ரேம மொத நிப்பாட்டு. பதிலி அம்புட்டு பேரையும் பெர்மனென்ட் பண்ணட்டும், பொறவு ஓட்டுவோம்."

தோளை அசைத்தேன். அவர் இன்னும் வாகாகச் சாய்ந்துகொண்டார்.

"பயப்படாதலே. நான் சொல்லுதேன்லா!"

பஸ் முழுக்கக் கேட்டது. மில் ஆட்கள் ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாருடைய பார்வையும் போன இடம் ஒன்றுதான், இரண்டு வரிசைக்கு முன்னால் இருந்த மஃப்ளர். அது அசையவில்லை.

ஜேக்கப் சார் திடீரென்று எழுந்து நின்றார்.

"ஓய் சுப்பையா! ஒங்க ஆட்சியில மண்ணெண்ண கெடச்சுதா ஓய்?"

அண்ணாச்சி வெற்றிலையும் கையுமாகத் திகைத்தார். ஜேக்கப் சாரைப் பார்த்தார், குருசாமியைப் பார்த்தார், மஃப்ளரைப் பார்த்தார். வெற்றிலையை மடியில் போட்டுவிட்டு அவரும் எழுந்தார்.

"யாரு ஆட்சிய யாரு பேசுறது? ஒம்ம ஆளு மண்ணெண்ணைய வித்தானா, குடிச்சானா, அத மொதல்ல சொல்லும்!"

"அவனுக்கு ஓட்டுப் போட்ட கைய வெட்டணும்!"

"வெட்டிட்டா வாய்தாவுக்கு எதுல கையெழுத்துப் போடுவீரு?"

முன் சீட்டில் இருந்த ஆஸ்பத்திரி நர்ஸ் கனகம், ஒரு நாளும் வாயைத் திறக்காதவர், திரும்பிக் கத்தினார்: "ரெண்டு கட்சியும் திருட்டுக் கட்சிதான்! எங்களுக்கு ஒரு கக்கூஸு கட்டித் தந்தானுவளா?"

கண்டக்டர் காரணமில்லாமல் விசில் ஊதினார். காலியான ரோட்டில் டிரைவர் ஹாரனை அமுக்கிப் பிடித்தார். கடைசி சீட்டிலிருந்து யாரோ டெல்லியைத் திட்டினார்கள். அவ்வளவு சத்தத்துக்கு நடுவே குருசாமியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன. தன் ஆட்களைத் தன் கனவில் தைரியப்படுத்திக்கொண்டிருந்தார்.

மடவார்வளாகம் வளைவில் பஸ் திரும்பியது. தூங்கிய தலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. மஃப்ளர் கட்டிய தலை மட்டும் சாயவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் குருசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எதும் ஒளறுனேனா சார்? நான் ஒறக்கத்துல பேசுதேன்னு வீட்டுல சொல்லுதா."

"குறட்டைதான்," என்றேன்.

"ஒன் கொறட்டையில எங்க அரசியலே கேக்கல," என்றார் ஜேக்கப் சார். தொண்டை கட்டியிருந்தது. குருசாமி கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

நின்ற வாக்கியம்

கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். நல்ல செய்தி. வேறு எந்தப் பத்திரிகையிலும் வராது. ஆறுமுகம் மில்லில் போய்ச் சொல்லிவிட்டால் அதற்குப் பின் அது செய்தியே இல்லை. 'வரும் வெள்ளிக்கிழமை இரவு ஃப்ரேம்களை நிறுத்துவோம் என்றார் தொழிலாளி ஒருவர்' என்று எழுதினேன்.

'என்றார்' என்ற இடத்தில் பேனா நின்றது.

அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கனவில் நின்ற செல்வத்திடம் சொன்னார். நான் இடையில் இருந்த தோள். பெயர் போடாவிட்டாலும், அந்தப் பஸ்ஸில் சுந்தரபாண்டியம் போகிற பதிலிகள் எத்தனை பேர், எவர் என்று கண்டுபிடிக்க ஆறுமுகம்கூடத் தேவைப்பட மாட்டார். மறுநாள் கேட்டில் குருசாமிக்கு வேலை இல்லை என்பார்கள். அதற்கு அடுத்த நாளும் அதையே சொல்வார்கள். மனைவியின் பிரசவத்துக்கு முன்னால் அவர் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். கவரில் கோர்ட் செய்தி மட்டும் போயிற்று.

மாலையில் மதுரையிலிருந்து செய்தி ஆசிரியரின் டிரங்க் கால் வந்தது.

"அந்தப் பக்கம் மில்லுல ஏதோ பொகையுதாமே. உங்களுக்கு ஒண்ணும் கேக்கலியா?"

"யாரும் எதுவும் சொல்லல சார்."

"பஸ்லகூடவா?"

"பஸ்ல எல்லாரும் கட்சியப் பத்தித்தான் சார் பேசுனாங்க. ரொம்பச் சத்தமா."

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மில் வாசலில் பஸ் நிற்கும்போது ஜன்னல் வழியாகத் தேடுவேன். பஞ்சு ஒட்டிய முகங்களோடு குருசாமி ஏறுவார், கும்பிடுவார், தூங்குவார். ஜேக்கப் சாரும் அண்ணாச்சியும் இருமலுக்குப் பனங்கற்கண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, தயாராக அவர் வாயையே பார்த்துக்கொண்டு வருவார்கள். மஃப்ளரும் ஏறும், உட்காரும், கண்ணை மூடிக்கொள்ளும். அந்த முகத்திலிருந்து எதையும் என்னால் படிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை

மழை விட்டிருந்தது. மலை முழுதாகத் தெரிந்தது. மில் நெருங்கும்போதே கண்டக்டர் படிக்கட்டில் இறங்கி நின்றுகொண்டார்.

வாசலுக்கு எதிரே புளியமரத்தடியில் ராத்திரி ஷிஃப்ட் முழுவதும் உட்கார்ந்திருந்தது. கேட் சாத்தியிருந்தது. வழக்கமாக வரும் மில் இரைச்சல் இல்லாததால் இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. எல்லாரும் விழித்திருந்தார்கள். அந்த நேரத்தில் அந்த முகங்களைத் திறந்த கண்களோடு நான் பார்த்ததே இல்லை. வேறு யாரோ போல இருந்தார்கள்.

நான் இறங்கும்போது ஆறுமுகம் ஏறினார். படிக்கட்டில் ஒரு கணம் முகத்துக்கு முகம் நின்றோம்.

"பேப்பர்ல போட்டிருவியன்னு நெனச்சேன்," என்றார் மெதுவாக.

"நீங்க உள்ள சொல்லிருவீங்கன்னு நான் நெனச்சேன்."

"நான் எங்க சார் சொல்ல? ஒறங்கிட்டுல்லா இருந்தேன்."

போய் வழக்கமான சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவரும் ஒரு காலத்தில் பதிலியாகக் கேட்டில் நின்றவரா, இல்லை வேறு காரணமா, நான் கேட்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டேன்.

மரத்தடியில் குருசாமி எழுந்து வந்தார். அவரைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். கோரிக்கையைச் சொன்னார்: பதிலிகளை நிரந்தரமாக்க வேண்டும், அதுவரை ஃப்ரேம் ஓடாது. கனவில் இருந்த தெளிவு இல்லை. பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார்.

"பேர் போடாம எழுதுறேன்," என்றேன்.

அவர் கேட்டைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற இளைஞனைப் பார்த்தார். அதுதான் செல்வமாக இருக்க வேண்டும்.

"போடுங்க சார். குருசாமி. சுந்தரபாண்டியம்." கொஞ்சம் வெட்கத்தோடு சேர்த்துக்கொண்டார்: "ஒறக்கத்துல ஒளறுனத எல்லாம் நேத்து ஜேக்கப் சார் சொல்லிட்டாவ. இப்ப முழிச்சிருந்துதான் சொல்லுதேன்."

மதுரை பஸ்ஸில் அந்தக் கவரைக் கொடுத்தேன். செய்தி பெயரோடு வந்தது. சில நாளில் பேச்சுவார்த்தை நடந்து மில் ஓடியது. பதிலிகள் கொஞ்சம் கொஞ்சமாக நிரந்தரமானார்கள். பேப்பரில் பெயர் வந்ததாலோ என்னவோ, குருசாமிக்கு ஆர்டர் கடைசியாகத்தான் வந்தது. அதற்குள் அவர் மகளுக்குப் பல் முளைத்துவிட்டது. என்மேல் வருத்தமா என்று கேட்டேன். "நாந்தான சொன்னேன்," என்றார்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. காதில் விழுவது ஏராளமாக இருக்கும். ஒருவர் விழித்திருந்து, தன் பெயரைக் கொடுத்துச் சொல்லும்வரை காத்திருங்கள். அதற்குள் பக்கத்துப் பத்திரிகை முந்திக்கொண்டால் முந்திக்கொள்ளட்டும்.

அதன் பிறகும் பல வருஷம் குருசாமி அந்த பஸ்ஸில் என் தோளில் தூங்கியிருக்கிறார். பேசியும் இருக்கிறார், பெரும்பாலும் ரேஷன் கடை அரிசியைப் பற்றி. நான் குறித்துக்கொண்டதில்லை.