பத்தியக்கா

கரண்டியில் கொஞ்சம் எடுத்து, ஊதி, நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்கிறார். "பூசணி இன்னும் குழையணும். பாதிக்கு மேல கிழடுங்க, பல்லு இருக்காது" என்று அடுப்பைக் குறைத்து மூடி போடுகிறார். கிழடுகள் என்றால் நாய்கள். தோலுரித்த கோழி, பூசணி, காரட், பீன்ஸ், ஒரு கைப்பிடி ஓட்ஸ். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. வெங்காயம் அந்தப் பாத்திரத்தின் பக்கமே வரக் கூடாது. நாய்க்கு வைப்பதை மனுஷி ருசி பார்ப்பதா என்று மகள் முகம் சுளித்தால் பதில் தயாராக இருக்கும்: "நான் வாயில வைக்காததை இன்னொரு வாய்க்குக் கொடுத்ததே இல்லடி."

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்தவர். இதய நோயாளிகள், சர்க்கரைக்காரர்கள், வயிறு அறுத்துத் தைத்தவர்கள் எல்லோருக்கும் இவர் கை கஞ்சிதான். பத்தியக்கா என்ற பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. அன்பாக வைத்த பெயர் இல்லை. "உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நான் ஆயுசு பூரா உப்பில்லாமப் போட்டவ. என்னை யாரு நினைப்பா?" என்று சிரிப்பார். வைத்தது வைத்தபடி திரும்பி வந்த தட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகவே வரும்.

ஓய்வு பெற்றபின் மகளோடு குடியேறிய வீட்டுக்கு நேர் கீழே நாய் டாக்டரம்மாவின் கிளினிக். ஜன்னலைத் திறந்தால் அங்கே நடக்கும் பேச்செல்லாம் இங்கே கேட்கும். "எடை கூடிப்போச்சு, சாப்பாட்டைக் குறைங்க" என்பார் டாக்டரம்மா. "அப்போ என்னதான் கொடுக்கறது?" என்று பரிதாபமாக ஒரு குரல் கேட்கும். தினமும் அதே கேள்வி, வேறு வேறு குரலில். ஒரு நாள் பத்தியக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இறங்கிப் போய், "நான் செஞ்சு தரேன் டாக்டரம்மா. எதெது ஆகாதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். டாக்டரம்மா சிரித்தார். ஆனால் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார்.

முதல் வாடிக்கை தெருமுனைத் தையல்காரர். அவருடைய நாய்க்குக் குட்டியில் வைத்த பெயர் சிட்டு. இப்போது அது நடந்து வந்தால் மெத்தை ஒன்று நகர்ந்து வருவது போல இருக்கும். நாலு வீடு தாண்டுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்துவிடும். இதயம் தாங்காது என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். அதற்கு முதல் கிண்ணம் வைத்த கதையைப் பத்தியக்கா பக்கத்து வீட்டில் இருக்கும் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எண்ண முடியாது. "தின்னு முடிச்சும் விடலை. கிண்ணத்தை நக்கி நக்கி, தள்ளிக்கிட்டே அடுத்த ரூமுக்குப் போயிடுச்சு! என் சாப்பாட்டை!"

அடுத்த மாதம் டாக்டரம்மா அவரைக் கீழே அழைத்தார். சிட்டு இளைக்கவில்லை. ஏறியிருந்தது. "அக்கா, உங்க சாப்பாட்டை நம்பி மத்தவங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?" என்று டாக்டரம்மா கேட்டார். கேட்டது மெதுவாகத்தான். பத்தியக்கா அன்று அடுப்பே மூட்டவில்லை. டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு என்ன தோன்றியதோ, செருப்பை மாட்டிக்கொண்டு தையல் கடைக்குக் கிளம்பினார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார்.

கடைக்காரர் எங்களைக் கவனிக்கவில்லை. மிஷினுக்கு அடியில் சிட்டு அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது. பிஸ்கட்டை உடைத்துப் பாதியைத் தான் வாயில் போட்டுக்கொண்டு, மறு பாதியைக் கீழே நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"என் வீட்டுக்காரி போனதுலேர்ந்து என்கூட உக்காந்து சாப்பிடறது இது ஒண்ணுதான் அக்கா. பாத்துக்கிட்டே இருக்கு. எப்படிக் கொடுக்காம இருக்கறது?"

நான் இடி விழப்போகிறது என்று நினைத்தேன். பத்தியக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்தப் பக்கம் நாயைப் பார்த்தார், இந்தப் பக்கம் ஆளைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கைநீட்டுவீங்க டெய்லரே?"

"அதையெல்லாம் யாரு எண்ணுனா?"

"சரி. நீங்க நீட்டிக்கிட்டே இருங்க. கையில என்ன இருக்கணும்னு நான் பாத்துக்கறேன்."

மறுநாள் அதே கோழியும் பூசணியும் கிண்ணத்துக்குப் போகவில்லை. மசித்துத் தட்டில் பரப்பி, ஆவியில் வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு போட்டார். நாள் முழுவதற்குமான சாப்பாடு ஒரு டப்பாவில். காலையில் தொடங்கி ராத்திரி வரை கிள்ளிக் கிள்ளிக் கொடுக்கலாம். டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். "பசி நாய்க்குன்னு நினைச்சேன். கொடுக்கணும்கிற பசி அந்த மனுஷனுக்கில்ல இருந்திருக்கு" என்றார் என்னிடம், கத்தியைக் கழுவியபடி. இப்போது அவரிடம் வாங்கும் எல்லோருக்கும் துண்டுகள்தான் போகின்றன. மகள் முகம் சுளித்துக்கொண்டே டப்பாக்களில் பெயர் ஒட்டித் தருகிறாள்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் பத்தியக்கா வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் நகம் தட்டும் சத்தம். நின்றது. மறுபடி கேட்டது. கதவருகே சிட்டு, நாக்கைத் தொங்கப்போட்டு, தன் காலிலேயே ஏறி வந்து நின்றது. பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு தையல்காரர். "இது எனக்கு முன்னாடி ஏறுதுக்கா. நான்தான் நடுவுல நின்னேன்" என்றார்.

பத்தியக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நாயின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார். ஓர் இடத்தில் விரல்கள் நின்றன. தையல்காரரின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, தன் விரல் இருந்த இடத்தில், முதன்முதலாகத் தட்டுப்பட்ட விலா எலும்பின் மேல் வைத்தார்.