சிவப்புக் கேபிள் செத்த ஞாயிறு

எங்கள் வீட்டில் யாராவது வயர் என்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வயர் என்பது கிணற்று மோட்டாருக்குப் போவது. அவர் வைத்திருந்தது கேபிள். அம்மா வேண்டுமென்றே வயர் என்றுதான் சொல்லுவாள். தென்காசியில் உரக்கடை வைத்திருந்த அப்பா, வாரத்தில் ஆறு நாள் யூரியா மூட்டைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு மனிதராகிவிடுவார். மாடி அறையில் இரண்டு பெரிய ஸ்பீக்கர்கள், ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டையும் இணைக்கிற கேபிள். பாட்டு கேட்கத்தான் இதெல்லாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு பாட்டைக்கூட அவர் முழுசாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. பாதியில் எழுந்து போய் ஒரு முனையைக் கழற்றி மாட்டுவார், உட்காருவார், தலையைச் சாய்ப்பார், மறுபடியும் எழுந்துவிடுவார். அவர் பெற்ற பிள்ளை நானும் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. எனக்கு அப்போது பத்து வயது.

கேபிள் கம்பெனிகளின் பெயர் எங்கள் ஊரில் யார் வாயிலும் நுழையாது. அதனால் மேலுறையைப் பார்த்தே பெயர் வைத்திருந்தார்கள். ஊதா, வெள்ளை, பாம்பு. பாம்பு என்றால் உறையில் செதில் செதிலாகப் பின்னல் இருக்கும். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஊதாவுக்கு மிஞ்சி உலகத்தில் ஒன்றும் கிடையாது. அப்புறம் அப்பாவைப் போன்ற கேபிள் பைத்தியங்கள் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில் சென்னை டாக்டர் ஒருவர், ஊதாவில் சத்தம் கொஞ்சம் மூடினாற்போல இருக்கிறதே என்று ஒரே ஒரு வரி போட்டார். சாயங்காலத்துக்குள் தென்காசியிலும் சுரண்டையிலும் ஊதாவின் கதை முடிந்துவிட்டது. அதுவரை ஊதாவைத் தலையில் தூக்கிவைத்து ஆடியவர்களுக்கெல்லாம் ஒரே நாளில் அது மூடினாற்போலக் கேட்டது. பிறகு வெள்ளை வந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்கியதும் ஈரக்காற்றில் அதன் செம்பு கறுத்துவிட்டதாக ஒரு பேச்சு கிளம்பி, ஆடி பிறப்பதற்குள் அதுவும் போயிற்று. அடுத்து பாம்பு.

கேபிளுக்கு நடந்த உபசாரம் வீட்டில் வேறு யாருக்கும் நடந்ததில்லை. புதுச் செருப்பைக் காலுக்குப் பழக்குவது போல அதைப் பாட்டுக்குப் பழக்க வேண்டும் என்று நான்கு நாள் அறையைப் பூட்டி, இரவும் பகலும் பாட்டை ஓடவிடுவார். கேபிள் தரையில் படக் கூடாது, பட்டால் சத்தம் கலங்கிவிடும் என்று குற்றாலத்தில் எனக்கு வாங்கித் தந்த மரச்சொப்புகளைப் பிடுங்கி அதற்கு முட்டுக்கொடுத்திருந்தார். என் அடுப்பும் அம்மியும் உரலும் ஆளுக்கொரு முழம் பாம்பைச் சுமந்துகொண்டு நின்றன. எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அத்தனை செய்தும் அப்பாவுக்குத் திருப்தி வரவில்லை. எந்தக் கேபிளும் முதல் வாரம் பளிச்சென்று இருக்கும், மூன்றாம் மாதம் மங்கிவிடும். மேல்சத்தம் போச்சு, மேல்சத்தம் போச்சு என்று புலம்புவார். ஜால்ரா, சலங்கை மாதிரி மெல்லிசாகக் கிணுகிணுப்பதற்கு அவர் வைத்த பெயர் அது. குழுவில் அவருக்குப் பெரிய பெயர். மங்குவதை முதலில் கண்டுபிடிப்பது எப்போதும் அவர் காதுதான்.

அந்த வருஷம் சாரலுக்கு விடுமுறையில் வந்த துபாய் மாமா சிவப்பைக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுக்காரர், அப்பாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவர் மகளும் நானும் அப்படியே. சிவப்பை அவர் அப்பாவுக்காகவே மாதக்கணக்கில் தேடி வாங்கி, சட்டைகளுக்கு நடுவில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அப்பா அதை நான்கு நாள் பழக்கினார், ஒரு வாரம் கேட்டார், பிறகு உதட்டைப் பிதுக்கினார். பாம்பே தேவலை என்றார். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது எதுவென்று உனக்கே தெரியாது என்று அவர் சொல்ல, அப்பா ரோஷப்பட, அடுத்த ஞாயிறு பரீட்சை என்று முடிவாயிற்று. தீர்ப்பைக் குழுவில் போடுவதற்குச் சுரண்டையிலிருந்து பாத்திரக்கடை அண்ணாச்சி பஸ் ஏறி வந்தார்.

ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அம்மாவின் பழைய சேலையைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்குப் பின்னால் நான். ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் பாம்பையோ சிவப்பையோ என் இஷ்டப்படி மாட்டி, எதை மாட்டினேன் என்று நோட்டில் எழுத வேண்டும். இவ்வளவு பெரிய பொறுப்பை என்னை நம்பிக் கொடுத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதே நேரத்தில் வாசலில் வேன் வந்து நின்றுவிட்டது. ஐந்தருவிக்குக் குளிக்கப் போகிற வேன். அத்தையும் அத்தை பிள்ளைகளும் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார்கள். அருவியில் தண்ணீர் கூடினால் குளிக்க விடமாட்டார்கள், சீக்கிரம் வா என்று கீழேயிருந்து அம்மா கத்துகிறாள்.

கேபிளை இறுக்கியிருந்த திருகாணியோ என் விரலுக்கு அசையவில்லை. பாம்பு ஏற்கனவே மாட்டியிருந்தது. சிவப்பைக் கையில் எடுத்து மாட்டுவது போல இரண்டு தரம் சரசரவென்று உரசிவிட்டு, மாட்டியாச்சு என்று குரல் கொடுத்தேன். ஐந்து சுற்றுக்கும் அதையேதான் செய்தேன்.

ஓடியது ஒரு நாதஸ்வரக் கச்சேரி. முதல் சுற்று முடிந்ததும் அப்பா கண்ணைத் திறக்காமல், “இது பாம்பு” என்றார். நான் பாம்பு என்று எழுதினேன். மூன்றாவது சுற்றில் தலையை ஆட்டினார்.

“இதுல தாளமே இல்லயே. ஜால்ரா சுத்தமா அமுங்கிப் போச்சு. இது செவப்பு.”

“என்னலே சொல்லுத? தாளம் கணீர்னு கேக்குதே,” என்றார் மாமா.

“ஒனக்குக் கேக்கும். கொண்டுவந்தவன்லா நீ.”

“மூணுலயும் ஒண்ணாத்தாம்லே கேக்கு எனக்கு. சத்தியமா.”

நான் சிவப்பு என்று எழுதினேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதினேன். வேறு எதை எழுதுவது? அண்ணாச்சி நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்து நின்று அப்பாவுக்குக் கைகொடுத்தார். ஐந்துக்கு ஐந்து. அது காது இல்லை, தங்கம் என்றார். எல்லாம் ஒன்றாகத்தான் கேட்கிறது என்ற மாமாவின் பேச்சு எடுபடவில்லை. அவர் சிவப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் அவருக்கு முன்னால் பாய்ந்து ஓடி வேனில் ஏறிவிட்டேன்.

அருவியில் குளித்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் சிவப்பு செத்துப்போயிருந்தது. குழுவில் அண்ணாச்சி எழுதியதைப் படித்துவிட்டு, ஆலங்குளத்தில் யாரோ ஒருவர் தன் சிவப்பை விற்கப்போவதாகப் போட்டிருந்தார். மறுநாள் துபாய் மாமா வீட்டிலிருந்து யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவர் மகள் என்னை விட்டுவிட்டு வேறொருத்தியோடு பள்ளிக்கூடம் போனாள். எங்க வாப்பா பொய் சொன்னாங்கன்னு ஒங்கப்பா ஊருக்கெல்லாம் சொல்லிட்டாங்கல்லா என்று கேட்டாள். அன்றிலிருந்து நான் தனியாகத்தான் பள்ளிக்கூடம் போனேன். வெள்ளிக்கிழமை மாமா துபாய்க்குக் கிளம்புகிறார் என்று அம்மா சொன்னாள். எந்த வருஷமும் சொல்லிக்கொள்ளாமல் போனதில்லை என்றும் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்குப் போனேன். அப்பா மட்டும் இருந்தார். வாங்கப்போகிற அடிக்கு முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். நான் மாற்றவே இல்லை, ஐந்து தடவையும் பாம்புதான், நோட்டில் எழுதியது எல்லாம் பொய்.

அப்பா அடிக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“மூணாவது தடவ, ஒனக்குத் தாளம் கேட்டுதாட்டி?”

“கேட்டுதுப்பா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு. நாயனத்துக்கு மேல, கிணிகிணின்னு?”

“அஞ்சு தடவையும் கேட்டுதுப்பா. திரைக்குப் பின்னாலயே கேட்டுது.”

தராசுத் தட்டை நகத்தால் சுண்டி, காதைப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார். பிறகு எழுந்து ஷட்டரை இறக்கினார். அவ்வளவு சீக்கிரம் அவர் கடை அடைத்து நான் பார்த்ததில்லை. சாரலில் நனைந்துகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் துபாய் மாமா வீட்டுக்குப் போனார். பெட்டி கட்டிக்கொண்டிருந்த மாமாவிடம், “தப்பு எம் பேர்லதாம்லே. நீ கேட்டதுதான் சரி. அந்தச் செவப்பக் குடு,” என்றார். நான் செய்ததைப் பற்றி மூச்சுவிடவில்லை. மாமா அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர் மகள் முறுக்குத் தட்டோடு வந்து என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். அப்பா குழுவிலும் எழுதிவிட்டார். பெரிய காது சொல்லிவிட்டதால் சிவப்பு ஒரே ராத்திரியில் உயிர்த்தெழுந்தது. ஆலங்குளத்துக்காரர் விற்கவில்லை என்று செய்தி போட்டார். உண்மையைச் சொல்லி எல்லாவற்றையும் நானே சரிசெய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டார். சிவப்பு மாட்டியிருந்தது. அதே கச்சேரியைப் போட்டுவிட்டு என்னைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, ஜால்ரா கேட்கிற இடத்திலெல்லாம் தன் முழங்காலில் தட்டச் சொன்னார். நான் தட்டினேன். அவர் கண்ணை மூடியிருந்தார். முதல் தடவையாக, பாதியில் எழுந்து போகாமல் ஒரு கச்சேரியை முழுசாகக் கேட்டார். முடிந்ததும் திரும்பவும் ஆரம்பத்திலிருந்து போட்டார். இது என்ன விளையாட்டு என்று எனக்குப் பிடிபடவில்லை. எவ்வளவு நேரம்தான் ஒரே இடத்தில் உட்கார்ந்து தட்டுவது? வெளியே பிள்ளைகள் பாண்டி ஆடுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. எனக்குக் கேட்டது.

“போதும்ப்பா, கை வலிக்கி.”

“இன்னும் ஒரே ஒரு தடவட்டி.”

பொய் வலிதான். கையை உதறிக்கொண்டு எழுந்தேன். சரி போ என்றார். இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி நான் தெருவுக்கு ஓடிவிட்டேன்.