உப்பில்லாத கடல்

என் கணவர் ஆறு வயது மகளுடன் வட சுவீடனில் இருக்கும் தன் அண்ணனிடம் போயிருந்தார். லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து வீடியோவில் அழைத்தேன். உறைந்துபோன பொத்னியாக் கடற்குடாவின் மேல், கரையிலிருந்து தள்ளி நின்றார்கள்.

“கடல் உப்பெல்லே, ஐஸ் உறுதியா இருக்காது. கரைக்கு வாங்கோ!” என்று கத்தினேன். படித்தவள் என்ற துணிவு.

“இங்க காரே ஓடுது. நீர் சோபாவுக்குள்ள மூழ்காம இரும்,” என்றார் அவர்.

மீன் பிடிக்க ஐஸில் துளைத்த குழியில் மகள் விரலை நனைத்துச் சுவைத்தாள். “உப்பே இல்லை அம்மா! நிறைய ஆறு இதுக்குள்ள வருதாம். ஐஸ் பாடுது, கேளுங்கோ,” என்று போனைப் பனிக்கட்டியில் வைத்தாள்.

ஆழத்திலிருந்து நீண்ட, மெல்லிய ஓசை எழுந்து என் அறையெங்கும் பரவியது. “போதும், வா” என்ற சொல் தொண்டைவரை வந்தது. “இன்னும் கொஞ்சம் வைச்சிரு,” என்றேன்.

இப்போதும் பயப்படுகிறேன். ஆனால் கத்துவதற்கு முன், அவள் நிற்கும் இடத்தைப் பற்றி அவளிடம் கேட்கிறேன்.