துவைத்தும் போகாத மடிப்பு

அம்பத்தூரில் எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறாரே, அவர் கண்ணில் எங்கும் ஒரு சுருக்கம் படக்கூடாது. ஒல்லியான ஆள், வலது தோள் சற்று இறங்கியிருக்கும். டீக்கடைப் பேப்பரைக்கூட உள்ளங்கையால் நீவிவிட்டுத்தான் படிப்பார்.

என் பக்கத்து வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்தில் மயங்கி விழுந்து இறந்தபோது தெருவே அந்த வீட்டைத் தாங்கிக்கொண்டது. காலை இட்லி எதிர்வீட்டிலிருந்து போயிற்று, மதியச் சாப்பாடு தெருக்கோடி பாய் வீட்டிலிருந்து. பிள்ளைகளை நான் பள்ளியில் விட்டேன். இஸ்திரிக்காரர் பந்தலில் விரித்திருந்த ஜமுக்காளத்தைக் குனிந்து குனிந்து நீவிக்கொண்டிருந்தார்.

காரியம் முடிந்த மறுநாள் என்னைக் கூப்பிட்டு, இறந்தவர் கடைசியாகத் தேய்க்கப் போட்டிருந்த துணிகளைத் தந்தார். எல்லாம் தேய்த்து அடுக்கியிருந்தன. மேலே ஒரு நீலச் சட்டை மட்டும் கசங்கலாகவே கிடந்தது.

"இத மறந்துட்டீங்களாண்ணே?"

"மறக்கல சார். கையப் பாரு. முழங்கை வரைக்கும் மூணு மடிப்பு. எப்பவும் அவரு அப்டித்தான் மடிப்பாரு. தொவச்சும் போவாம கீது. நான் பொட்டிய வச்சா பூடும்."

அதை அப்படியே இறந்தவரின் மனைவியிடம் சொல்லி, சட்டையைக் கொடுத்தேன். அவர் சட்டைக் கையை அந்தத் தடத்திலேயே மூன்று முறை மடித்தார். பிறகு அதற்குள் தன் கையை விட்டுப் பார்த்தார்.

என் சட்டைகளை இன்றும் அந்த இஸ்திரிக்காரர்தான் தேய்க்கிறார். ஒரு சுருக்கம் இருக்காது. அலுவலகத்தில் கையை மடித்துவிடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன், என் மடிப்பும் அவருக்குத் தெரிந்திருக்கும்.