மச்சாளுக்கு அளவான உடுப்பு

கடலுக்குள் முதலில் போக வேண்டியவள் நான். இதில் எனக்கு அன்றும் சந்தேகம் இருக்கவில்லை, இன்றும் இல்லை. சுனாமி கொண்டுபோனது என் புருசனை. மச்சாளுக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் உடல் கிடைக்கவில்லை என்பதற்காகத் தாலியைக் கழற்றாமல் ஊர் வாயையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்தானே. அப்படியிருக்க, அவர் போன தண்ணீருக்குள் எனக்கு முன்னால் அவள் இறங்கினாள். காரணம் வேறொன்றுமில்லை. அவளுக்கு இடுப்பு இல்லை.

யுத்தம் முடியும்வரை எங்கள் வாகரைப் பக்கத்தில் கடலைப் பார்க்கலாமே தவிர, நினைத்த நேரம் இறங்க முடியாது. சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீட்டையும் விட்டு ஓடி, முகாம்களில் கிடந்து, திரும்பி வந்தோம். எல்லாம் அடங்கிய பிறகு கரைக்கு வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். கடலுக்கடியில் சுழியோடப் பழக்கும் இடம் ஒன்றும் திறந்தார்கள். வருகிறவர்களில் பெண்களும் இருந்ததால், அவர்களுக்கு உடுப்புப் போட்டுவிடவும் கூடவே தண்ணீருக்குள் போகவும் ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். நானும் மச்சாளும் போனோம். சம்பளத்துக்காகப் போகிறோம் என்று வீட்டில் நினைத்தார்கள்.

நான் போனது வள்ளத்துக்காக. சுனாமி வந்த காலையில் அவரோடு சேர்ந்து அவருடைய நீல வள்ளமும் போய்விட்டது. கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில் ஒரு கற்பாறைத் தொடர் இருக்கிறது. அவர் வலை போடுகிற இடம். வள்ளம் அங்கேதான் எங்காவது செருகிக் கிடக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது. அதன் ஒரு பலகையைத் தொட்டால் போதும். பைத்தியம் என்று சொல்வார்கள் என்பதால் ஒருவரிடமும் சொல்லவில்லை, மச்சாளிடமும்தான்.

பழக்கியவர் திருகோணமலைக்காரர். முதல் நாள் கறுத்த ரப்பர் உடுப்புகளை ஒரு கம்பியில் தொங்கவிட்டிருந்தார். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு கிடுகு மறைப்புக்குள் போனோம். சாரிச் சட்டைக்குக் கொளுக்கி முன்னுக்குத்தானே. அந்தப் பழக்கத்தில் இரண்டு பேரும் சிப்பை முன்பக்கம் வைத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். முழங்காலுக்கு வைத்திருந்த தடித்த துண்டு எங்களுக்குக் கெண்டைக்கால் பக்கம் கிடந்தது. அந்த மனிதர் சிரிக்கக் கூடாது என்று கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார், “சிப் முதுகுக்கு வரணும் புள்ளையள்.”

உண்மையைச் சொன்னால், மாறிப் போட்டபோதுதான் எனக்கு அதற்குள் கொஞ்சமாவது இடம் இருந்தது. சிப்பைப் பாதியில் விட்டு மூச்செடுக்கலாம். சரியான பக்கம் திருப்பியதும் உடுப்பு தொடையோடு நின்றுவிட்டது. அதற்கு அடுத்த பெரிய அளவு இடுப்பால் ஏறியது, ஆனால் தோளில் தொங்கியது, கழுத்தில் கைவிட்டு எடுக்கலாம், முதுகின் கீழே ஒரு படி அரிசி போடலாம். இந்த உடுப்பு உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் குளிரில் விறைத்துப்போவோம் என்றார் அவர். எனக்குத் தெரியாதா? சுனாமிக்கு நிவாரணமாக வந்த தையல் மெஷினில் ஊருக்கெல்லாம் சட்டை தைத்தவள் நான். நெஞ்சுக்குப் பிடிப்பு இல்லாமல், இடுப்புக்கு விரிவு இல்லாமல், மேலிருந்து கீழே நேராக வெட்டியிருந்தார்கள். வெட்டியவன் ஆம்பிளைகளை மட்டும் நினைத்து வெட்டியிருக்கிறான்.

மச்சாளுக்கு அதே உடுப்பு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. தோள் அகலம், நெஞ்சு தட்டை, கால் நீளம். அண்ணனின் உடல்வாகு. ஊரில் அவளை ஈர்க்கில் என்று கேலி செய்வார்கள். அவளுக்குச் சட்டை தைக்கும்போது உள்ளே துணி வைத்து எடுப்பாகத் தைத்துக் கொடுத்ததே நான்தான். அந்த ஈர்க்கில் இப்போது பளபளவென்று நின்றுகொண்டு, “எனக்குச் சரியா இரிக்கி மச்சாள்” என்றது. எனக்கு வயிறு எரிந்தது.

காற்று நிரப்பும் ஜக்கெட் அதைவிட மோசம். தோள்வார் இரண்டும் நேராக நெஞ்சுக்கு மேலால் இறங்கி நசுக்கின. முதுகு எனக்குக் குட்டை என்பதால் சிலிண்டர் பின்பக்கத்தில் வந்து இடித்தது. ஆளை அமிழ்த்துகிற ஈயக்கட்டிப் பட்டி மட்டும் என் இடுப்பில் அசையாமல் நின்றது. அவளுக்கு அது வழுகி முழங்காலுக்கு வந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் சந்தோசப்படுவது?

அளவில்லாத உடுப்போடு ஆழத்துக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று பழக்குகிறவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் இடுப்பளவு தண்ணீரில் குழாயால் மூச்செடுத்துப் பழகினேன். பழகி முடித்து மச்சாள் பாறைக்குப் போனாள். போட் போன திசையைப் பார்த்துக்கொண்டு கரையில் அவளுடைய செருப்புக்குப் பக்கத்தில் இருந்தேன். என் புருசனிடம் என் மச்சாள் போகிறாள், நான் செருப்புக்குக் காவல். அப்படித்தான் நினைத்தேன், அதைவிட நல்லதாக ஒன்றும் மனதில் வரவில்லை.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் மாஸ்க் அழுத்திய தடம் வட்டமாக இருந்தது. கண் சிவந்திருந்தது.

“என்னடி கண்டாய்?”

“மீன்தான் மச்சாள்.”

“வேற ஒண்டுமில்லையா?”

“கல்லு. மண்ணு.”

நான் நம்பவில்லை. அன்றைக்கு அவள் வீட்டில் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. எதையோ கண்டுவிட்டாள், எனக்குப் பங்கு தராமல் வைத்திருக்கிறாள் என்றே முடிவு செய்தேன். அவள் போகப் போக எனக்கு எரிச்சல் கூடியது. வெள்ளைக்காரிகள் அவளோடு நின்று படம் எடுத்தார்கள். நான் ஈர உடுப்புகளை அலசிக் காயப்போட்டேன். மகள் பிறந்தபோது போட்ட உடம்பு இது, அவரோடு வாழ்ந்த உடம்பு. அதுவே இப்போது அவரிடம் போக விடாமல் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறதே என்று என் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த பருவத்துக்குக் கொழும்பிலிருந்து பெண்களுக்கென்றே வெட்டிய உடுப்புகள் பெட்டியில் வந்தன. எந்த அளவு வேண்டுமென்று பார்த்து எடுக்கச் சொன்னார் பழக்குகிறவர். நான் மச்சாள் எடுத்த நம்பரையே எடுத்தேன். வேண்டுமென்றேதான். அவளுக்குக் கொள்வது எனக்கும் கொள்ளட்டும் என்று பிடிவாதம். மறைப்புக்குள் அதோடு மல்லுக்கட்டி வியர்த்து நின்றபோது, மச்சாள் இரண்டு நம்பர் பெரியதை உள்ளே நீட்டினாள். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அது ஏறியது. இடுப்பில் விரிந்து, இடையில் ஒடுங்கி, நெஞ்சில் இடம் விட்டு, முதுகோடு ஒட்டியது. ஜக்கெட்டின் வார்கள் நெஞ்சை நசுக்காமல் வெளிப்புறமாக வளைந்து இறங்கின. மாஸ்க்கை வாரில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சச் சொன்னார். விழாமல் ஒட்டி நின்றது. வார் வழுக்காமலிருக்கக் கொண்டையை அவிழ்த்துத் தாழப் பின்னினேன். தாலிக்கொடி கழுத்து வழியாகத் தண்ணீரை விடும் என்றார். கழற்ற மாட்டேன் என்றேன். மச்சாள்தான் ஊசி கொண்டுவந்து அதை உள்சட்டையோடு கீழே இறக்கிக் குத்திவிட்டாள்.

பாறைக்குத் திருகோணமலைக்காரர் என்னைக் கூட்டிப்போனார். மச்சாள் போட்டில் நின்றாள். இறங்க இறங்கக் காது அடைத்தது, மூக்கைப் பொத்தி ஊதினேன், திறந்தது. உடுப்புக்குள் புகுந்த கொஞ்சத் தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நின்றது. இவ்வளவு சுகமாகவா இவள் இத்தனை நாளும் போய் வந்தாள் என்று அங்கேயும் பொறாமைதான். பாறைக்கு மேலால் போனோம். இடுக்குகளுக்குள் பார்த்தேன். மஞ்சள் மீன்கள், வரி மீன்கள், உடைந்த கல், ஒரு பழைய வலைத்துண்டு, அதுவும் என் புருசனுடையதல்ல. அவர் வலை முடிகிற முடிச்சு எனக்குத் தெரியும். அதற்கப்பால் மணல். நீலமாக இருந்தது தண்ணீர் மட்டும்தான்.

மேலே வந்து போட்டின் விளிம்பைப் பிடித்தேன். மச்சாள் குனிந்து என் ஜக்கெட்டைக் கழற்றினாள். கழற்றும்போது காதோடு கேட்டாள்.

“வள்ளம் கிடக்கா மச்சாள்?”

வள்ளத்தைப் பற்றி அவளிடம் நான் வாயே திறந்ததில்லை.

“பாறைப் பக்கமெல்லாம் நான் பாத்து முடிச்சிட்டன். எனக்குக் காட்டல்ல. உங்களுக்கெண்டா அண்ணன் காட்டுவார் எண்டு நினச்சன்.”

அந்தக் குரல் எனக்குப் பழக்கமானது. அவள் ஒவ்வொரு முறை பாறைக்குப் போனபோதும் எனக்குள் பேசிய குரல். அவள் முகத்தைப் பார்த்தேன், அதுவும் பழக்கமானதுதான்.

“இல்ல,” என்றேன். “எனக்கும் காட்டல்ல.”

அதைக் கேட்டதும் அவள் முகம் ஆறியது. ஒளிக்கத் தெரியாதவள். எனக்குக் கோபம் வரவில்லை. அவளுக்குக் காட்டவில்லை என்று கேட்ட அந்த நொடியில் என் நெஞ்சும் அப்படித்தான் ஆறியிருந்தது. பிறகு அவள் என் பின்னால் வந்து, முதுகுச் சிப்பைப் பிடித்து, தாலிக்கொடி மாட்டாமல் பார்த்து மெதுவாகக் கீழே இறக்கினாள்.